களைத்து வருகிறவர்களுக்கு உபதேசம் எதற்கு?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில் கூடிவரும் ஒரு தமிழ்ச் சபையின் செயற்குழுவில் நான் இருக்கிறேன். எங்கள் சபைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வேலை அனுமதிச் சீட்டில் இங்கு வந்து, கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கிற சகோதரர்கள். சென்ற ஆண்டு நடந்த எழுப்புதல் கூட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் தம் ஜனத்தைக் குறித்துத் தேவன் கொண்டிருப்பவை சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று சொல்லும் எரேமியா 29:11 ஐ வாசித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாருடைய கடன்களும் தீரும் என்று அறிவித்தார். அதை நம்புகிறவர்கள் விதைக் காணிக்கை, அதாவது தேவன் பலமடங்காகத் திருப்பித் தருவார் என்று எதிர்பார்த்துக் கொடுக்கும் காணிக்கை, செலுத்த வேண்டும் என்றார். ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்ப வைத்திருந்த ஒரு மாதச் சம்பளத்தை ஒரு சகோதரர் அப்படியே கொடுத்துவிட்டார். கடன் தீரவில்லை. விசுவாசக் குறைவுதான் காரணம் என்று சபையில் யாரோ அவரிடம் சொல்ல, அதன்பின் அவர் வருவதே இல்லை. மேடையில் என்ன போதிக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும் என்று நான் செயற்குழுவில் சொன்னேன். "வாரம் முழுவதும் வெயிலில் உழைத்துக் களைத்து வருகிறவர்களுக்கு உபதேசம் எதற்கு? அது மூளைக்கு, ஆராதனை இருதயத்துக்கு. உபதேசம் பேசினால் பிரிவினைதான் வரும்" என்று பதில் வந்தது. உபதேசம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? எங்கள் பாஸ்டரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது? அவர் கேட்காவிட்டால் நான் சபையை விட்டு விலக வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

தங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருமுன், தாங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வராமற்போன அந்தச் சகோதரரை இந்த வாரத்திலேயே தேடிச் சென்று பாருங்கள். செயற்குழு முடிவெடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அவருக்கு ஓய்வுநாள் எது என்று விசாரித்து, அவர் தங்கியிருக்கும் விடுதிக்கு அருகிலேயே சந்தியுங்கள். சபைக்குத் திரும்பும்படி வற்புறுத்தாமல் அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பிறகு, மேடையில் சொல்லப்பட்டது தேவன் அவருக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் அன்று என்பதையும், ஆகவே கடன் தீராததற்குத் தேவன் வாக்குத் தவறியதோ அவருடைய விசுவாசம் குறைந்துபோனதோ காரணம் அன்று என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் இப்போது இரண்டு சுமைகளைச் சுமந்துகொண்டிருக்கிறார். கடன் ஒன்று, தேவனே தம்மைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் மற்றொன்று. இந்த இரண்டாவது சுமை பிரசங்க மேடையிலிருந்து அவர்மேல் ஏற்றப்பட்டது. அதைச் சபைதான் இறக்க வேண்டும். அவர் கொடுத்த தொகையைச் சபை நிதியிலிருந்து திருப்பித் தரும்படியும் செயற்குழுவிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். காணிக்கையைத் திருப்பித் தருகிற வழக்கம் இல்லை என்பார்கள். தவறான போதனையை நம்பிக் கொடுக்கப்பட்ட பணத்தை வைத்துக்கொள்கிற வழக்கமும் ஒரு சபைக்கு இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உபதேசம் அவ்வளவு முக்கியமா என்ற கேள்விக்கு, அந்த ஊழியர் வாசித்த அதே வேதபகுதியைக் கொண்டே பதில் சொல்கிறேன். எரேமியா 29 ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி ஒரு கடிதம். கி.மு. 597 இல் யூதாவின் ராஜாவாகிய யெகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு, எருசலேமிலேயே விடப்பட்டிருந்த எரேமியா எழுதி அனுப்பியது. அதை முந்தின அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே கிபியோன் ஊரானாகிய அனனியா என்னும் தீர்க்கதரிசி, ஆசாரியர்களும் ஜனங்களும் பார்க்க ஆலயத்தில் நின்று, இரண்டு வருஷகாலத்துக்குள் பாபிலோன் ராஜாவின் நுகம் உடைக்கப்படும், கொண்டுபோகப்பட்ட ஆலயப் பாத்திரங்களும் மனிதர்களும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தருடைய பெயரால் அறிவிக்கிறான். அதைக் கேட்ட எரேமியா முதலில் சொன்ன வார்த்தை, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பதுதான். இந்த இடத்தைப் பிரசங்கிகள் பலரும் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். நல்ல செய்தியை வெறுத்த கடின மனத்தால் எரேமியா அனனியாவை எதிர்க்கவில்லை. ஜனங்கள் வீடு திரும்ப வேண்டும் என்று அவரும் ஏங்கினார். ஆயினும், தாம் ஏங்குவதைக் கர்த்தர் சொன்னதாகச் சொல்ல அவர் துணியவில்லை. பின்பு கர்த்தருடைய வார்த்தை அவருக்கு உண்டானபோது, "கர்த்தர் உன்னை அனுப்பினதில்லை, நீயோ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய்" என்று அனனியாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

கர்த்தர் குறித்திருந்த காலம் எழுபது வருஷம். அந்த எழுபது வருஷம் 29:10 இல் சொல்லப்பட்ட பிறகே, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்னும் 11 ஆம் வசனம் வருகிறது. கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், உங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்பதே. இரண்டு வருஷத்தில் ஊருக்குப் போய்விடலாம் என்று நம்பியவன் வீடு கட்டமாட்டான், மரம் நடமாட்டான். அனனியாவின் செய்தியை நம்பியவர்களுக்கு அந்த வாக்கு பொய்த்ததோடு, அதற்காகக் காத்திருந்த நாட்களும் வீணாகியிருக்கும். தங்கள் சபைக்கு வரும் சகோதரர்கள் தண்டனையாகச் சிறைப்பட்டு வந்தவர்கள் அல்லர் என்பதால், இந்த அதிகாரத்தை வரிக்கு வரி அவர்கள்மேல் பொருத்திவிடக் கூடாதுதான். ஆனாலும் அந்நியப் பட்டணம், தள்ளிப்போகிற வீடு திரும்பல், நாள்தோறும் செய்தே தீர வேண்டிய வேலை, இவற்றின் நடுவிலும் தம் ஜனத்தை மறவாத ஒரு தேவன் என்று, அவர்களுடைய நிலைமைக்கு இத்தனை நெருங்கி வருகிற வேதபகுதி வேறு எளிதில் கிடைக்காது. அந்த ஊழியர் எரேமியாவின் வசனத்தை வாசித்துவிட்டு அனனியாவின் செய்தியைப் பிரசங்கித்திருக்கிறார். மேடையில் பைபிள் திறந்திருந்தது, வசனம் சரியாக வாசிக்கப்பட்டது, ஜனங்கள் ஆமென் சொன்னார்கள்; ஆனாலும் உபதேசம் தவறாக இருந்தது. அதற்குரிய விலையைக் கூட்டத்திலேயே மிகக் குறைவாகச் சம்பாதிக்கிற ஒருவர் கொடுத்தார்.

களைத்து வருகிறவர்களுக்கு உபதேசம் வேண்டாம் என்று சொன்னவர்கள் இரக்கத்தினால் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்றே எண்ணுகிறேன். ஆனால் புதிய ஏற்பாட்டின் உபதேசங்களை முதலில் கேட்டவர்கள் யார் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். கொரிந்து, இருபுறமும் துறைமுகங்களைக் கொண்ட வணிகப் பட்டணம். அங்கிருந்த விசுவாசிகளில் வல்லவர்களும் பிரபுக்களும் அநேகர் இல்லை என்று பவுலே எழுதுகிறார். அடிமைகளும் அந்தச் சபையில் இருந்தார்கள். கிறிஸ்துவின் மரணம், உயிர்த்தெழுதல், சரீர மீட்பு ஆகியவற்றைப் பற்றிய ஆழமான போதனையைக் கொண்ட 15 ஆம் அதிகாரம் அவர்களுக்கு எழுதப்பட்டதுதான். தீத்துவுக்கு எழுதும்போதோ பவுல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தங்கள் உடம்பின்மேல்கூட உரிமை இல்லாத வேலைக்காரர்கள், தங்கள் நன்னடத்தையினால் நம்முடைய இரட்சகராகிய தேவனுடைய உபதேசத்தை அலங்கரிக்க வேண்டும் என்கிறார். உபதேசத்தைத் தாங்குவதற்கு மாத்திரமல்ல, அதற்கு அழகு சேர்ப்பதற்கும் அவர்கள் தகுந்தவர்கள் என்று அவர் எண்ணினார். நம் தமிழ்ச் சபைகளின் தொடக்கமும் இதுவே. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்த 1715 க்கு முன்பே, லூத்தரின் சிறு ஞானோபதேசத்தைத் தமிழாக்கிக் கேள்வியும் பதிலுமாகக் கற்பித்தார். எழுத்தறியாதவர்களும் பத்துக் கட்டளைகளின் பொருளையும் விசுவாசப் பிரமாணத்தின் பொருளையும் வாய்மொழியாகவே சொல்லக் கற்றார்கள். வெயிலில் உழைக்கிற மனிதனுக்கு ஆழமானது புரியாது என்று தீர்மானித்துவிட்டு மேலோட்டமானதையே கொடுப்பதை, நான் இரக்கம் என்று அழைக்கமாட்டேன்.

உபதேசம் மூளைக்கு, ஆராதனை இருதயத்துக்கு என்ற பிரிவினையும் நிற்காது. நான்காம் நூற்றாண்டில், குமாரன் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்று போதித்த ஆரியு, தன் போதனையைப் பாட்டாகக் கட்டி, கப்பலோட்டிகளும் மாவரைக்கிறவர்களும் வழிப்போக்கர்களும் பாடும்படி அலெக்சந்திரியாவில் பரப்பினான் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். 325 இல் நிசேயாவில் கூடிய ஆலோசனைச் சங்கம் மறுத்த போதனையைச் சாதாரண ஜனங்கள் அப்படிப் பாடியே கற்றிருந்தார்கள். இன்று தங்கள் சபையில் பாடப்படும் ஒவ்வொரு பாடலும் தேவன் யார், அவரிடமிருந்து நாம் எதை எதிர்பார்க்கலாம் என்று ஏதோ ஒன்றைப் போதிக்கிறது. உபதேசமே இல்லாத ஆராதனை என்று ஒன்று கிடையாது. கண்ணீரும் கைதட்டலும் தவறு என்று நான் சொல்லவில்லை. எதைக் கேட்டுக் கண்ணீர் வருகிறது என்பதே என் கவலை.

விதைக் காணிக்கையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுவது 2 கொரிந்தியர் 9:6. சிறுக விதைக்கிறவன் சிறுக அறுப்பான் என்று அங்கே எழுதியிருப்பது உண்மை. 8, 9 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் முழுவதும் வாசித்தால், எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்க்கப்பட்ட தர்மப்பணத்தைப் பற்றியது அது என்பது விளங்கும்; பேசுகிற ஊழியருக்கோ கொடுக்கிறவனின் கடன் தீர்வதற்கோ அது சேர்க்கப்படவில்லை. ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அவனுடைய காணிக்கை அங்கிகரிக்கப்படும் என்றும், மற்றவர்களுக்குச் சகாயமும் கொடுக்கிறவர்களுக்கு வருத்தமும் உண்டாகும்படி தாம் கேட்கவில்லை என்றும் பவுல் அங்கேயே எழுதுகிறார். பெற்றோருக்குரிய பணத்தைக் குறித்தோ ஆண்டவரே பேசியிருக்கிறார். தகப்பனுக்கும் தாய்க்கும் உதவ வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் காணிக்கையாக்கிவிடுகிற பாரம்பரியத்தை, தேவவசனத்தை அவமாக்குகிற செயல் என்று அவர் மாற்கு 7 இல் கண்டித்தார். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதும் இதனோடு சேரும். அந்தச் சகோதரருக்கு மேடையிலிருந்து சொல்லப்பட்டிருக்க வேண்டியது, "தம்பி, இந்தப் பணத்தை ஊருக்கு அனுப்புங்கள், அதுவே தேவனுக்குப் பிரியமானது" என்பதுதான்.

இது பணத்தோடு முடிந்துபோகிற தவறு அன்று என்பதையும் செயற்குழு உணர வேண்டும். தேவனுடைய வரத்தைப் பணத்தினால் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று எண்ணிய மாயவித்தைக்காரனாகிய சீமோனைப் பேதுரு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது அப்போஸ்தலர் 8 இல் இருக்கிறது. கொடுத்தால்தான் தேவன் தயவு காட்டுவார் என்று ஒருவன் நம்பத் தொடங்கினால், இலவசமான கிருபை என்னும் சுவிசேஷத்தின் அடித்தளத்தையே அவன் இழந்துவிடுகிறான். 2010 இல் கேப் டவுனில் கூடிய உலக சுவிசேஷ ஊழியத்துக்கான மூன்றாவது லௌசான் மாநாட்டின் அறிக்கையும், ஆவிக்குரிய நலனைப் பொருள் நலனைக் கொண்டு அளக்கிற போதனையை வேதத்துக்கு முரணானது என்று மறுத்திருக்கிறது. தனி ஒருவரின் மனக்கசப்பினால் இந்தக் கேள்வி எழவில்லை என்பதைக் காட்ட, செயற்குழுவில் இதை நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

விசுவாசக் குறைவு என்று குற்றம் சாட்டியவருக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். தம் உடனூழியனாகிய துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தவரும், மாம்சத்தில் முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டி, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலை மட்டுமே பெற்றவருமாகிய பவுல் விசுவாசம் குறைந்தவர் என்று சொல்ல அவர் ஆயத்தமா என்று கேளுங்கள்.

பிரிவினை வரும் என்ற அச்சத்தை மட்டும் நான் அலட்சியம் செய்யமாட்டேன். உபதேசத்தின் பெயரால் நம் சபைகள் தேவையில்லாமல் உடைந்திருப்பது உண்மை. அதனால் எல்லாக் கேள்விகளையும் ஒரே எடையில் வைக்கக் கூடாது. ஞானஸ்நானத்தை எப்படிக் கொடுப்பது, அந்நியபாஷை இன்றும் உண்டா, கடைசிக்கால நிகழ்வுகளின் வரிசை என்ன என்பவற்றில் கர்த்தரை நேசிக்கிறவர்கள் மாறுபடுகிறார்கள். ஒரே சபைக்குள்ளேயே பொறுமையோடு மாறுபடவும் முடியும். கிறிஸ்து யார், அவர் நம்முடைய பாவங்களுக்காக மரித்து உயிர்த்தெழுந்தது, கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு, வேதத்தின் அதிகாரம் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. உங்கள் சபையில் எழுந்திருக்கிற கேள்வி கிருபையைத் தொடுகிறது. ஆகவே அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 2 இல் வரும் எபேசு சபையையும் மறந்துவிடாதீர்கள். பொய்யரைச் சோதித்தறிந்ததற்காக ஆண்டவர் அந்தச் சபையைப் பாராட்டிவிட்டு, ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று அடுத்த மூச்சிலேயே குறைகூறினார். சரியான உபதேசத்தைக் காக்கிறோம் என்ற நினைவில் மனிதர்களை வெறுக்கத் தொடங்குவது, இந்த வழியில் நடக்கிற எவருக்கும் மிக அருகில் இருக்கிற ஆபத்து.

பாஸ்டரிடம் பேசுவதைப் பொறுத்தவரை, ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு நிற்கிற நேரத்திலோ வாட்ஸ்ஆப் குழுவிலோ இதைத் தொடங்க வேண்டாம். வார நாளில் நேரம் கேட்டு, தனியாகச் சென்று பாருங்கள். அப்போஸ்தலர் 18 இல், அப்பொல்லோ வல்லமையாகப் பிரசங்கித்தும் குறைவாக அறிந்திருந்தபோது, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள். ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று அவரை மறுத்துப் பேசவில்லை. மூத்தவரைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போல எண்ணிப் புத்திசொல்லும்படி தீமோத்தேயுவுக்குச் சொல்லப்பட்டது தங்களுக்கும் பொருந்தும். அந்த ஊழியரின் மேல் குற்றப்பத்திரிகை வாசிப்பதைவிட, அந்தச் சகோதரருக்கு நேர்ந்ததைச் சொல்லி, "ஐயா, எரேமியா 28, 29 இரண்டையும் நாம் சேர்ந்து வாசிக்கலாமா?" என்று கேட்பது நல்லது. பெரும்பாலான போதகர்கள் கெட்ட எண்ணத்தால் இப்படிப்பட்ட கூட்டங்களை ஒழுங்கு செய்வதில்லை. சபை வளர வேண்டும் என்ற பாரமும், ஞாயிறுதோறும் இரண்டு மூன்று ஆராதனைகளில் பேசிக் களைத்துப்போன உடலும் அவர்களுக்கு இருக்கின்றன. அவருக்குப் படிப்பதற்கு நேரம் கிடைக்கும்படி செயற்குழு எதைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் கேளுங்கள். நல்ல பிரசங்கம் வேண்டும் என்று கேட்கிற பல சபைகள், அதை ஆயத்தம் செய்வதற்கு வேண்டிய நாட்களைத் தங்கள் போதகருக்குக் கொடுப்பதில்லை.

வெளியிலிருந்து அழைக்கப்படுகிறவர்களைக் குறித்து ஒரு ஒழுங்கையும் முன்வையுங்கள். வெளிநாட்டுச் சமயப் பேச்சாளர் ஒருவரை இங்கே பேச அழைக்க மனிதவள அமைச்சிடம் வேலை அனுமதி பெற வேண்டியிருக்கிறது. அதற்கான விவரங்களையெல்லாம் செயற்குழு கவனமாகத் திரட்டுகிறது. அதே கவனத்தோடு, அவர் எதைப் போதிக்கிறார் என்பதை அறிய அவருடைய பிரசங்கங்கள் சிலவற்றை முழுவதுமாகக் கேட்பதும், விசுவாச அறிக்கை ஒன்றை அவரிடம் எழுதி வாங்குவதும், தனிப்பட்ட காணிக்கை கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்வதும் முடியாத காரியங்கள் அல்ல. ஐந்து நிமிடக் காணொளித் துண்டுகளைக் கொண்டு ஒருவரைத் தெரிந்தெடுக்காதீர்கள். அந்தத் துண்டுகளில் வசனத்தின் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதை அவர் சொல்கிறாரா என்று தெரியாது. பெரோயா பட்டணத்தார் பவுல் பேசியதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள், அதற்காக நற்குணசாலிகள் என்று பாராட்டப்பட்டார்கள். ஆகவே இப்படி ஆராய்வதை அவமரியாதையாக எந்த ஊழியரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

பாஸ்டர் கேட்காவிட்டால் விலக வேண்டுமா என்ற கடைசிக் கேள்விக்கு, உடனே வேண்டாம் என்பதே என் பதில். ஒரு உரையாடலில் மனம் மாறாதவர்கள் பல மாதப் பொறுமையில் மாறியிருக்கிறார்கள். நீங்கள் விலகினால், அந்த விடுதியிலிருந்து வருகிற சகோதரர்களுக்காகச் செயற்குழுவில் பேச ஒருவர் குறைவார். பாஸ்டர் சம்மதித்தால், ஞாயிறு மாலையில் அவர்களோடு உட்கார்ந்து ஒரு சிறு வேதபாட வகுப்பை நடத்துங்கள். மாற்கு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து விடாமல் வாசித்தாலே போதும். செயற்குழுவில் மறுபடியும் பேச வேண்டியிருந்தால் இன்னொரு மூப்பரையும் உடன் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். இவற்றுக்குப் பின்னும், கொடுத்தால்தான் தேவன் செய்வார் என்பது உங்கள் சபையின் வழக்கமான போதனையாகவே நிலைத்து, அதை வேதத்தின்படி சோதிப்பதற்கே பாஸ்டரும் மூப்பர்களும் மறுத்தால், குடும்பத்தோடு கலந்துபேசி, காரணத்தை பாஸ்டரிடம் நேரில் சொல்லி, வேறு யாரையும் பின்னால் இழுக்காமல் விலகலாம். அப்படி விலக நேர்ந்தாலும் அந்தச் சகோதரர்களோடு உள்ள தொடர்பை விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய தொலைபேசி எண்கள் உங்களிடம் இருக்கட்டும்.